நுகமும் தலைக்கயிறும்: இழுக்கும் நாய்க்கு ஏற்ற பட்டை எது?

வண்டியில் பூட்டிய மாட்டின் உடலில் இரண்டு இடங்களை மனிதர் இரண்டு வேலைகளுக்காகப் பயன்படுத்துகின்றனர். பாரத்தை இழுப்பதற்கான நுகத்தடி திமிலுக்கு முன்புறம் தோளை ஒட்டிக் கிடக்கிறது; மாட்டைத் திருப்பவும் நிறுத்தவும் உதவும் மூக்கணாங்கயிறு முகத்திலிருந்து வருகிறது. உடலின் வலிமை தோளில் திரள்வதால் அங்கே பூட்டப்படுவது இழுப்புக்கு உதவும் என்பதும், தலை திரும்பும் பக்கமே உடலும் திரும்புவதால் அங்கே கட்டப்படுவது திசைமாற்ற உதவும் என்பதும் உழவர்கள் நெடுங்காலமாக அறிந்தவை. நடைக்கு அழைத்துச் செல்லப்படும் நாய் லீஷை இழுத்துக்கொண்டு ஓடுவதைத் தடுக்க இன்று கடைகளில் கிடைக்கும் கழுத்துப்பட்டை, 'பாடி பெல்ட்' என வழங்கும் உடற்பட்டை, தலைப்பட்டை ஆகிய மூன்றையும் இந்த அறிவைக் கொண்டே எடைபோட்டுவிடலாம். பட்டை நாயை எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதைக் கவனிக்காமல் விலையையும் நிறத்தையும் பார்த்து வாங்குவோர், இழுப்பைக் குறைக்க வாங்கிய பொருளே இழுப்பை எளிதாக்கிவிட்டதைப் பிறகுதான் உணர்கின்றனர்.

நாய் ஏன் இழுக்கிறது?

நாய் இழுப்பதை அதன் திமிராகவும், வீட்டாரை அடக்கியாளும் முயற்சியாகவும் கருதுவோர் உண்டு. உண்மையான காரணங்கள் இவற்றைவிட எளியவை. மனிதர் மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கின்றனர். நடுத்தர உடலுள்ள நாய்க்கு இயல்பாக வரும் துள்ளுநடையோ அதைவிட விரைவானது. நாள் முழுதும் வீட்டுக்குள்ளோ கூண்டுக்குள்ளோ அடைபட்டிருந்து வெளியே வரும் நாய்க்குத் தெருவின் ஒவ்வொரு கம்பமும் சுவரோரமும் வாசனைகளால் நிறைந்த செய்திப் பலகையாகையால், அடுத்த வாசனையை விரைவில் அடைய அது முந்துகிறது, மனிதர் பின்தங்குகிறார், இருவருக்கும் இடையில் லீஷ் இறுகுகிறது.

இந்த இயல்பான முந்துதல் பழக்கமாக இறுகுவதற்குக் காரணம் கற்றலின் அடிப்படை விதி ஒன்றாகும். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் பூனைகளைத் தாழிட்ட பெட்டிகளுக்குள் வைத்துச் செய்த சோதனைகளை 1898இல் வெளியிட்டார். பெட்டியைத் திறக்க உதவிய செயலை மட்டும் பூனை மீண்டும் மீண்டும் செய்வதும், பயன் தராதவற்றைக் கைவிடுவதும் அவற்றில் புலப்பட்டன. நல்ல விளைவைத் தரும் செயல் வலுப்பெறும் என்னும் இந்த விதி தெருவில் நடக்கும் நாய்க்கும் பொருந்தும். கம்பத்தை நோக்கி நாய் இழுக்கிறது. பிடித்திருப்பவர் நான்கு அடி பின்தொடர்கிறார். நாய் கம்பத்தை அடைந்துவிடுகிறது. இழுத்தால் போய்ச் சேரலாம் என்ற பாடம் ஒரே நடையில் பலமுறை புகட்டப்படுகிறது. சில நாள் விட்டுக்கொடுத்துச் சில நாள் அதட்டினால் பழக்கம் தளர்வதற்கு மாறாக இன்னும் பிடிவாதமாகிறது. எப்போதாவது பலன் தரும் செயலே எளிதில் மறையாதது என்பது கற்றல் ஆய்வுகள் உறுதிப்படுத்திய உண்மை.

கழுத்தில் விழும் சுமை

பழக்கத்தில் மிகுதியாக உள்ள கழுத்துப்பட்டை, இழுக்காத நாய்க்குப் போதுமானது. இழுக்கும் நாய்க்கோ தீங்கு தரக்கூடியது. நாயின் கழுத்தில் மூச்சுக்குழாய், உணவுக்குழாய், தைராய்டு சுரப்பி, தலையிலிருந்து இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் சிரைகள், முதுகுத்தண்டின் மேற்பகுதி ஆகியவை நெருங்கி அமைந்துள்ளன. இழுக்கும் விசை முழுவதும் ஓர் அங்குல அகலப் பட்டையின் வழியே இவற்றின்மேல் இறங்குகிறது. விசை ஒன்றேயாயினும் பட்டை குறுகக் குறுக அழுத்தம் கூடும் என்பதால் மெல்லிய கயிறும் சங்கிலியும் அகன்ற பட்டையைவிடக் கேடானவை. எனினும் அகலமும் பஞ்சுறையும் முழுப் பாதுகாப்பைத் தருவதில்லை. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் டிரென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செயற்கைக் கழுத்து மாதிரி ஒன்றில் பலவகைப் பட்டைகளைப் பொருத்தி அளந்து 2020இல் வெளியிட்ட முடிவின்படி, நாய் இழுக்கும் நிலையில் காய அபாயத்தை நீக்கும் அளவுக்குக் குறைந்த அழுத்தம் தந்த பட்டை ஒன்றுகூட அவற்றில் இல்லை.

கண்ணும் இதில் பாதிக்கப்படுகிறது. 26 நாய்களை ஆராய்ந்து 2006இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், கழுத்துப்பட்டையோடு இழுத்தபோது கண்ணின் உட்புற அழுத்தம் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்ததும், உடற்பட்டையோடு இழுத்தபோது அவ்வாறு உயராததும் பதிவாயின. ஆகவே கண் அழுத்த நோய் உள்ள நாய்க்கும், விழி துருத்திய பக் போன்ற இனங்களுக்கும் கழுத்தில் லீஷ் மாட்டுவது உகந்ததன்று. பொமரேனியன், யார்க்ஷயர் டெரியர், சிவாவா முதலிய சிற்றினங்களில் மூச்சுக்குழாயைத் திறந்து வைத்திருக்கும் குருத்தெலும்பு வளையங்கள் நலிந்து தட்டையாகும் நோய் அதிகம். உற்சாகத்திலோ இழுக்கும்போதோ வாத்து கத்துவதைப் போன்ற வறட்டு இருமல் எழுவது இதன் அறிகுறி. அந்த இருமலைக் கேட்ட நாளிலேயே கழுத்தில் லீஷ் மாட்டுவதை நிறுத்திக் கால்நடை மருத்துவரிடம் காட்டுவது நலம்.

இழுத்தால் இறுகும் சோக் செயினும், உட்புறம் முள் வைத்த பட்டையும் இழுப்பை நிறுத்தக்கூடியவை என்றாலும், அவை வலியால் நிறுத்துகின்றன. மற்றொரு நாயைக் கண்டு முந்தும் ஒவ்வொரு முறையும் கழுத்தில் வலி எழுந்தால், தன் இழுப்போடு சேர்க்க வேண்டிய அந்த வலியை எதிரே வந்த நாயோடு சேர்த்துப் புரிந்துகொண்டு, கண்ட நாயிடமெல்லாம் சீறும் குணம் வளர வாய்ப்புண்டு. ஜெர்மனி 2022 முதல் நாய்ப் பயிற்சியில் முள்பட்டையைத் தடை செய்துள்ளது. வேல்ஸ் நாடு மின்னதிர்வுப் பட்டையை 2010இலேயே தடை செய்தது.

முதுகில் வளையம்: நாய்க்கு ஒரு நுகம்

கழுத்தைக் காப்பாற்ற எண்ணுவோர் அடுத்து நாடுவது உடற்பட்டையை. மார்பையும் விலாவையும் சுற்றி வரும் இப்பட்டையில் லீஷைக் கோக்கும் வளையம் பெரும்பாலும் முதுகின்மேல், தோள்களுக்குச் சற்றுப் பின்னே இருக்கும். மூச்சுக்குழாயை விட்டு விசையை மார்பெலும்பின்மேல் பரப்புவதால் உடல்நலம் கருதி இது நல்லதே. ஆனால் பனிச்சறுக்கு வண்டியை இழுக்கும் நாய்களுக்குப் பூட்டுவதும் இதே அமைப்பின் உறவினம்தான் என்பதை மறத்தலாகாது. அலாஸ்காவின் நோம் ஊரில் 1925இல் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, அதற்குரிய மருந்தை நெனானாவிலிருந்து சுமார் 1,085 கிலோமீட்டர் தொலைவுக்கு 20 வண்டியோட்டிகள் முறைவைத்து ஐந்தரை நாளில் கொண்டுசேர்த்தனர். நாய்கள் அந்த வண்டிகளை இழுத்தது மார்பிலும் தோளிலும் விசையைத் தாங்கும் இத்தகைய பட்டைகளால்தான். உடலின் முழு எடையையும் முன்னே சாய்த்து, வலியின்றி, மூச்சு முட்டாமல் இழுக்க வழிசெய்வதே அதன் நோக்கம்.

நோக்கம் வேறானாலும் விளைவு வீட்டு நாயிடமும் அதுவே. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காப்பக நாய்களின் லீஷில் இழுவிசையை அளக்கும் கருவியைப் பொருத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், கழுத்துப்பட்டையைவிட முதுகு வளைய உடற்பட்டை அணிந்தபோது நாய்கள் கூடுதல் விசையோடும் நீண்ட நேரமும் இழுத்தது தெரியவந்தது. ஆகவே முதுகு வளையப் பட்டையை, ஏற்கெனவே தளர்ந்த லீஷில் நடக்கும் நாய்க்கும் கழுத்து நோயுள்ள சிறிய நாய்க்கும் உரிய பாதுகாப்புக் கருவியாகக் கொள்ளலாமே தவிர, முப்பது கிலோ எடையுள்ள இளம் லாப்ரடாரின் இழுப்பை அடக்கும் கருவியாகக் கொள்ளலாகாது. அந்த நாய்க்கு அது நுகத்தடிதான்.

மார்பில் வளையம்

இக்குறையை நீக்க எழுந்ததே லீஷ் கோக்கும் வளையத்தை மார்பின் நடுவே வைத்த முன்வளைய உடற்பட்டை. இது வேலை செய்யும் விதத்தை அருகிலிருந்து பார்ப்பது பயன் தரும். பிடித்திருப்பவர் நாயின் இடப்பக்கமோ வலப்பக்கமோ சற்றுப் பின்னால் நிற்கிறார். லீஷ் நாயின் மார்பிலிருந்து தோளைச் சுற்றிப் பின்னோக்கி வருகிறது. நாய் முன்னே பாய்ந்ததும் லீஷ் இறுகி மார்பைப் பக்கவாட்டில் இழுக்க, பாயும் விசையே நாயின் முன்னுடலைத் திருப்பி அதைப் பிடித்திருப்பவரை நோக்கி நிறுத்துகிறது. விரும்பிய திசையில் போக முடியாமல் போவதால் இழுப்புக்குக் கிடைத்துவந்த பலன் அறுபடுகிறது. இங்கே வலிக்கு வேலையில்லை.

முன்வளையத்துக்கும் குறைகள் உள்ளன. மலிவான பட்டைகளில் மார்பின் குறுக்கே கிடைமட்டமாக ஓடும் வார் தோள்மூட்டின்மேல் விழுந்து முன்னங்கால் நீளுவதைத் தடுக்கும். லீஷ் இறுகும்போது பட்டை ஒருபக்கம் சரிந்து அக்குளை உராயும். ஆங்கில ஒய் எழுத்தைப் போல இரு வார்கள் தோள்களின் உட்புறமாக இறங்கி மார்பெலும்பில் கூடி, கால்களுக்கு இடையே ஒரே வாராகப் பின்செல்லும் அமைப்பு சிறந்தது என்பது பயிற்சியாளர் பலரின் கருத்து. ஆயினும் நாய்களின் தோளசைவை அளந்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில், அசைவைத் தடுக்காது என விற்கப்பட்ட பட்டையும் தோள் நீட்சியைக் குறைத்தது. தடுக்கும் வகையெனக் கருதப்பட்டதைவிடவும் அது கூடுதலாகக் குறைத்தது. அட்டையில் அச்சிட்ட வாசகத்தை நம்பாமல், பட்டை அணிந்த நாயைப் பத்தடி தூரம் நடக்கவும் ஓடவும் விட்டு அதன் முன்னங்கால் வழக்கமான அளவுக்கு எட்டி விழுகிறதா என்று கண்ணால் பார்ப்பதே நம்பத்தக்க சோதனை.

தலையில் கட்டும் பட்டை

தலைப்பட்டை மாட்டையும் குதிரையையும் கையாளும் தலைக்கயிற்றிலிருந்து பிறந்த எண்ணம். பிரிட்டனில் விலங்கு நடத்தை நிபுணர் ரோஜர் மக்ஃபர்ட் 'ஹால்டி' என்பதை உருவாக்கினார். அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர் ஆர்.கே. ஆண்டர்சனும் பயிற்சியாளர் ரூத் ஃபாஸ்டரும் 1980களில் 'ஜென்டில் லீடர்' என்பதை வடிவமைத்தனர். ஒரு வார் காதுகளுக்குப் பின்னே உச்சிக் கழுத்தைச் சுற்றிக் கட்டப்படும்; மற்றொன்று மூக்குத்தண்டைச் சுற்றி வளையமாக நிற்கும்; லீஷ் தாடையின் கீழே கோக்கப்படும். மூக்கணாங்கயிற்றைப் போல இதில் எதுவும் துளைக்கப்படுவதில்லை. ஆனால் நெம்புகோலின் தத்துவம் அதேதான். கழுத்தெலும்பிலிருந்து தொலைவில், மூக்கில் விழும் சிறுவிசை தலையைத் திருப்பிவிடுகிறது. தலை திரும்பியபின் உடல் நேராக இழுக்க முடிவதில்லை. பலத்தால் நாய்க்கு ஈடுகொடுக்க முடியாத முதியவருக்கும், மெலிந்த உடலினருக்கும் பெரிய நாயைப் பிடிக்க இதற்கு நிகரான கருவி இல்லை.

இதைப் பார்ப்போர் வாய்ப்பூட்டு என்று தவறாக எண்ணி ஒதுங்குவதுண்டு. சரியாகப் பொருத்திய தலைப்பட்டையில் நாய் வாயைத் திறந்து மூச்சிரைக்கவும், நீர் குடிக்கவும், தின்பண்டம் வாங்கவும், கடிக்கவும் முடியும். உண்மையான சிக்கல் வேறு: பெரும்பாலான நாய்களுக்கு முகத்தில் எதுவும் கட்டப்படுவது பிடிப்பதில்லை. 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தலைப்பட்டை அணிந்த நாய்கள் மூக்கைக் காலால் பிராண்டித் தள்ள முயன்றன. எனினும் இரத்த அழுத்தம், மன அழுத்தச் சுரப்பு முதலிய உடலியல் அளவுகளில் கழுத்துப்பட்டை அணிந்த நாய்களிலிருந்து அவை வேறுபடவில்லை. அந்த வெறுப்பைப் பொறுமையால் கரைக்கலாம். முதல் நாளில் மூக்கு வளையத்தைக் கையில் பிடித்து, அதன் வழியே ஒரு துண்டு வேகவைத்த கோழியை நீட்டினால் நாய் தானே மூக்கை நுழைக்கும்; அடுத்தடுத்த நாள்களில் வளையத்துக்குள் மூக்கு இருக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, பிறகு கொக்கியை மாட்டி உடனே கழற்றி, பிறகு வீட்டுக்குள் நடத்தி, ஓரிரு வாரம் கழித்தே தெருவுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வாங்கிய அன்றே மாட்டித் தெருவில் இறங்குவோர்தான் 'எங்கள் நாய்க்கு இது ஒத்துவரவில்லை' என்று அலமாரியில் போடுவோர்.

தலைப்பட்டையின் ஆபத்தும் அதே நெம்புவிசையில்தான் உள்ளது. நீளமான லீஷின் முனைவரை வேகமெடுத்து ஓடிய நாய் சட்டென நிறுத்தப்பட்டால் கழுத்து ஒருபக்கமாக முறுக்கப்படும். ஆகவே இழுக்க இழுக்க நீளும் சுருள் லீஷைத் தலைப்பட்டையோடு ஒருபோதும் கோக்கலாகாது. லீஷைச் சுண்டி இழுப்பதும் ஆகாது. தெருநாய்கள் கூட்டமாகக் குரைத்து நெருங்கும் நம் ஊர்த் தெருக்களில் திடீரெனப் பாயும் குணமுள்ள நாய்க்கு, இருமுனைக் கொக்கியுள்ள லீஷின் ஒரு முனையைத் தலைப்பட்டையிலும் மறுமுனையை உடற்பட்டையிலும் மாட்டி, பாய்ச்சலின் விசையை உடற்பட்டையில் தாங்கி, திசையை மட்டும் தலைப்பட்டையால் மாற்றுவது பாதுகாப்பான முறை. முதுகுத்தண்டிலோ கழுத்திலோ நோயுள்ள நாய்க்கும், மூக்கு குட்டையான பக், புல்டாக் இனங்களுக்கும் தலைப்பட்டை பொருந்தாது.

இனமும் அளவும்

நாயின் உடலமைப்பே தேர்வை முடிவுசெய்கிறது. சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை இனங்களில் தலை கழுத்தைவிடக் குறுகியது. சாதாரணக் கழுத்துப்பட்டையிலிருந்து அவை பின்னோக்கி நழுவித் தப்பிவிடும். ஆழ்ந்த மார்பும் ஒடுங்கிய இடுப்பும் உடைய இவற்றுக்கு, மார்பைச் சுற்றிய வாரோடு விலாவின் பின்பகுதியிலும் ஒரு வார் உள்ள மூவார் உடற்பட்டை நழுவாமல் நிற்கும். வெடிச்சத்தத்துக்கு அஞ்சிப் பின்வாங்கும் நாய்க்கும், தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாய்க்கும் இதுவே ஏற்றது. வளரும் குட்டிக்கு விலையுயர்ந்த பட்டை வாங்குவதைவிட, நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் கொக்கிகள் பலவுள்ள எளிய பட்டையை வாங்கி வாரந்தோறும் அளவைச் சரிபார்ப்பதே பொருத்தம்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சிலவே. உடற்பட்டையின் எந்த வாருக்கு அடியிலும் இரண்டு விரல் நுழைய வேண்டும். விலாவைச் சுற்றும் வார் முன்னங்காலின் முழங்கையிலிருந்து இரண்டு விரல் அகலமாவது தள்ளியிருக்க வேண்டும். மார்பில் கூடும் முனை தொண்டைக்குழியில் ஏறாமல் மார்பெலும்பில் அமர வேண்டும். தலைப்பட்டையில் நிலைமை சற்று மாறும்: காதுக்குப் பின்னுள்ள வார் ஒரு விரல் மட்டுமே நுழையும்படி உயரத்தில் இறுக்கமாகவும், மூக்கு வளையம் வாய் முழுதும் திறக்கும்படி தளர்வாகவும், எனினும் மூக்கு நுனியில் கழன்றுவிடாதபடியும் இருக்க வேண்டும். கழுத்து வாரைத் தளரவிட்டு மூக்கு வளையத்தை இறுக்குவதே பலர் செய்யும் தவறு. அப்போது வளையம் கண்ணை நோக்கி ஏறி உராயும். வெப்பம் மிகுந்த ஊர்களில் தடித்த பஞ்சுறைப் பட்டை உடற்சூட்டைக் கூட்டுமாதலால் வலைத்துணியாலோ மெல்லிய வாராலோ ஆனதைத் தேர்ந்து, வீடு திரும்பியதும் கழற்றி, அக்குளில் முடி உதிர்ந்துள்ளதா, தோல் சிவந்துள்ளதா என்று தடவிப் பார்ப்பது நல்ல வழக்கம்.

பட்டை கற்றுத்தராத பாடம்

எந்தப் பட்டையும் இழுப்பின் பலனைக் குறைக்குமே ஒழிய, இழுக்காமல் நடப்பதை நாய்க்குக் கற்றுத்தராது. அதைக் கற்பிக்க வேண்டியவர் லீஷின் மறுமுனையைப் பிடித்திருப்பவர். லீஷ் இறுகிய கணமே அடிமரம்போல் நின்றுவிட்டு, நாய் திரும்பிப் பார்த்து லீஷைத் தளரவிட்ட கணத்தில் மீண்டும் நடக்கத் தொடங்கினால், தளர்ந்த லீஷே முன்னேறுவதற்கான வழி என்று நாய் சில நாளில் கண்டுகொள்கிறது. காலருகே நடக்கும் ஒவ்வொரு சில அடிக்கும் ஒரு சிறு தின்பண்டத்தைக் காலோரமாகவே கொடுத்தால் அந்த இடம் அதற்கு விருப்பமான இடமாகிறது. இப்பயிற்சியை முதலில் வீட்டுக்கூடத்திலும், பிறகு மொட்டைமாடியிலும், கடைசியாகத் தெருவிலும் நடத்துவதே முறை. தெருவில் தொடங்குவது எழுத்தறியாதவரிடம் புராணத்தைப் படிக்கக் கொடுப்பதற்கு ஒப்பாகும். தளர்ந்த லீஷில் கம்பம்வரை வந்த நாயை வேண்டிய மட்டும் முகரவிடுவதும் ஒரு பரிசே. எந்த இழுப்பினால் அது பெற முயன்றதோ அதையே இழுக்காமைக்குக் கூலியாகத் தருவதால் இப்பரிசு தின்பண்டத்தைவிட வலியது.

வீட்டில் ஒருவர் நின்று கற்பிக்க, மற்றொருவர் அவசரத்தில் இழுத்த பக்கமெல்லாம் ஓடினால் பயிற்சி பாழாகும். பயிற்சிக்கு நேரமில்லாத நாளில் முதுகு வளையத்தில் லீஷை மாட்டி விட்டுக்கொடுத்துவிட்டு, பயிற்சி நாளில் முன்வளையத்தில் மாட்டி விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பது இதற்கான நடைமுறைத் தீர்வு. எந்த வளையத்தில் கொக்கி விழுகிறது என்பதைக் கொண்டே நாய் அன்றைய விதியைப் பிரித்தறியும்.

ஆகவே தீர்ப்பு சுருக்கமானது. இழுக்கும் பெரும்பாலான நாய்களுக்கு முன்னும் பின்னும் வளையமுள்ள, தோளைத் தடுக்காத உடற்பட்டை முதல் தேர்வு. பிடிப்பவரின் பலத்தை மிஞ்சிய நாய்க்கு, பொறுமையாகப் பழக்கிய தலைப்பட்டை இரண்டாவது. இறுகுவதும் குத்துவதும் எந்த நாய்க்கும் வேண்டா. கழுத்துப்பட்டை பெயரும் தொலைபேசி எண்ணும் பொறித்த தகட்டைத் தாங்குவதற்காக மட்டும் கழுத்தில் இருக்கட்டும். வாங்கும் பட்டைக்குச் செலவிடும் பணத்தோடு, நாளுக்குப் பத்து நிமிடம் நின்று நடந்து கற்பிக்கும் பொறுமையையும் செலவிடுவோருக்கு ஓராண்டுக்குள் எந்த வளையத்தில் கொக்கியை மாட்டினாலும் லீஷ் தொய்ந்தே தொங்கும்.